வாட்ஸ்அப்ப யாரோ பாக்குறாங்கன்னு போன் கடைக்கு வர்றவங்க

"தங்கச்சி, என் வாட்ஸ்அப்ப யாரோ பாக்குறாங்க போல, கொஞ்சம் செக் பண்ணி சொல்லேன்"னு கேட்டு வர்றவங்க எங்க கடைல அடிக்கடி உண்டு. பினாங்கு கொம்தார் பக்கத்துல பிராங்கின் மால்ல மாமாவோட ஹேண்ட்போன் ரிப்பேர் கடை, மாமா உள்ள உக்காந்து போர்டு வேலை பாப்பாரு, கவுண்டர்ல நிக்கிறது நான். ஸ்கிரீன் உடைஞ்சது, சார்ஜ் ஏறல, பேட்டரி உப்பிடுச்சு, இதெல்லாம் சத்தமா சொல்லுவாங்க, இந்த விஷயத்த மட்டும் பக்கத்துல நிக்கிற ஆளு போனப்புறம் குரல இறக்கி கேப்பாங்க. யாரு மேல சந்தேகம்னு கேட்டா பெரும்பாலும் வாட்ஸ்அப் முதலாளி மார்க் சக்கர்பர்க், போலீஸ், இல்லன்னா "ஏதோ ஹேக்கர்". வீட்டுக்காரருன்னோ ஆபீஸ் பாஸ்னோ முதல்ல யாரும் சொல்றதில்ல, ஆனா போன வாங்கிப் பாத்தா முக்கால்வாசி அங்கதான் போய் நிக்குது.

கீழ சொல்றதெல்லாம் கடைல பாத்தது. ஆளுங்க அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஊரு வேலை எல்லாம் மாத்திட்டேன்.

செபராங் பிறைல இருந்து ஒரு டீச்சர் வந்தாங்க. அம்மா வீட்டுக்கு என்ன எழுதினாலும் வீட்டுக்காரருக்கு தெரிஞ்சிடுது, அதுவும் வார்த்தைக்கு வார்த்தை, ஒரு தடவ அக்காவுக்கு அனுப்புன மெசேஜ அப்படியே சாப்பாட்டு மேசைல சொல்லிக் காட்டியிருக்காரு. போன்ல வைரஸ் இருக்குன்னு நெனச்சு வந்திருந்தாங்க. நான் வாட்ஸ்அப் திறந்து மூணு புள்ளிய தட்டி லிங்க்டு டிவைசஸ் போனேன், அங்க ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் உக்காந்திருக்கு, கடைசியா ஆக்டிவா இருந்தது அன்னிக்கு காலைல. டீச்சருக்கு வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கூல்ல அவங்க வாட்ஸ்அப் வெப் தொட்டதே இல்ல. அவ்ளோதான் விஷயம். வைரஸும் இல்ல ஹேக்கரும் இல்ல, தூங்கும்போது யாரோ போன எடுத்து ஒரு கியூஆர் கோட ஸ்கேன் பண்ணியிருக்காங்க.

இத நெறைய பேரு தெரிஞ்சுக்கல. ஒரு அக்கவுண்ட்ல மெயின் போன் போக இன்னும் நாலு கருவி வரைக்கும் சேக்கலாம், முன்ன மாதிரி போன் ஆன்லைன்ல இருந்தாதான் கம்ப்யூட்டர்ல ஓடும்ங்கிற கதை எல்லாம் 2021லயே முடிஞ்சிடுச்சு, இப்ப உங்க போன் ஆஃப் ஆகி கிடந்தாலும் அந்தப் பக்கம் மெசேஜ் போய் விழுந்துக்கிட்டே இருக்கும். போன 14 நாளைக்கு மேல தொடாம விட்டாதான் தானா லாகவுட் ஆகும், யாரு 14 நாள் போன தொடாம இருக்கா? புதுசா ஒரு கருவி சேக்கும்போது கைரேகை இல்லன்னா முகம் கேக்குமேன்னு நீங்க சொல்லலாம், கேக்கும், ஆனா அந்த டீச்சர் போன்ல பதிஞ்சிருந்த கைரேகை எல்லாம் அவங்களோடது மட்டும் இல்ல. போன் வாங்கின அன்னிக்கே செட்டிங் பண்ணித் தர்றேன்னு அவரு தன் விரலையும் ஒண்ணு போட்டு வச்சிருந்தாரு. இது சர்வசாதாரணமா நடக்குது, கடைல பாத்துக்கிட்டேதான் இருக்கேன், கட்டைவிரல் ஒண்ணு ரெண்டு மூணுன்னு லிஸ்ட் இருக்கும், எது யாரோடதுன்னு போன்காரங்களுக்கே தெரியாது.

இங்க அவசரப்படக்கூடாது. பாத்த உடனே லாகவுட் தட்டணும்னு கை பரபரன்னு வரும். நீங்க லாகவுட் பண்ணா அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு உடனே தெரிஞ்சிடும், வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அதனால நான் முதல்ல கேக்குறது "நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போறதுல பயம் ஏதும் இருக்கா"ன்னுதான். பயம்னு சொன்னா அந்த ஸ்கிரீன வேற ஒரு போன்ல போட்டோ எடுத்துக்கச் சொல்லி, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்னு அனுப்புவேன். தாலியான் காசேன்னு அரசாங்க உதவி லைன் 15999 இருக்கு, பினாங்குல பெண்கள் மாற்றத்துக்கான மையம்னு டபிள்யூ.சி.சி. இருக்கு, அங்க பேசுறதுக்கு கடை போன கூட குடுப்பேன், ஏன்னா அவங்க போன்ல இருந்து பேசினா கால் லிஸ்ட்ல நம்பர் நிக்கும். டீச்சருக்கு அந்த அளவுக்கு இல்ல, கோவம்தான் அதிகமா இருந்துச்சு. அங்கயே லாகவுட் பண்ணி, எல்லா கைரேகையும் அழிச்சு அவங்களோடத மட்டும் மறுபடி பதிஞ்சு, ஸ்கிரீன் லாக் நம்பர மாத்திட்டுப் போனாங்க. பழைய நம்பர் கல்யாண நாள்.

இதே வேலைய பெத்தவங்களும் கேக்குறாங்க. பட்டர்வொர்த்ல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, மக யூனிவர்சிட்டி ரெண்டாம் வருஷம், அவ போன்ல தெரியாம ஒண்ண போட்டு விடணும், எங்க போறா யாரோட பேசுறான்னு அவருக்கு வரணும், எவ்ளோ ஆகும்னாரு. காசு முக்கியமில்லன்னு வேற சொன்னாரு. அப்படி ஆப் இருக்கான்னா இருக்கு, ஆண்ட்ராய்டுல அக்சசிபிலிட்டி பர்மிஷன வாங்கிக்கிட்டு ஸ்கிரீன்ல ஓடுறதையே படிச்சு அனுப்புற சாமான் எல்லாம் வருது, மெசேஜ பூட்டி அனுப்புற வாட்ஸ்அப் என்க்ரிப்ஷனுக்கு அங்க ஒரு வேலையும் இல்ல, ஏன்னா கண்ணு பாக்குற இடத்துலயே அதுவும் பாக்குது. நான் முடியாதுன்னேன். மக வயசு 20, அவளுக்குத் தெரியாம அவ போன்ல கை வைக்கிறது நான் செய்ற வேலை இல்ல அண்ணே, வேணும்னா அவளையும் கூட்டிட்டு வாங்க, லொக்கேஷன் ஷேர் பண்றத அவ முன்னாடியே போட்டுத் தர்றேன், அவ வேணாம்னா நிப்பாட்டிக்கலாம்னு சொன்னேன். கோவமா போயிட்டாரு. வேற கடை ஏதாவதுல போட்டுக் குடுத்திருப்பாங்க, மால்ல கடைக்கா பஞ்சம்.

அந்தப் பொண்ணு மாதிரி யாராவது இத படிச்சா: செட்டிங்ஸ்ல அக்சசிபிலிட்டி உள்ள போய் "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" இல்லன்னா "டவுன்லோடடு ஆப்ஸ்"ல எது ஆன்ல இருக்குன்னு பாருங்க. கண்ணு தெரியாதவங்களுக்கு படிச்சுக் காட்டுற ஆப் மாதிரி நியாயமானது ஏதும் நீங்க போடலன்னா அந்த லிஸ்ட்ல எதுவும் ஆன்ல இருக்கக்கூடாது. அப்புறம் டிவைஸ் அட்மின் ஆப்ஸ் லிஸ்டையும் பாருங்க, போன் மேல தனி அதிகாரம் வாங்கின ஆப் அங்க இருக்கும். உளவு பாக்குற ஆப் "சிஸ்டம் சர்வீஸ்", "சிங்க் ஹெல்ப்பர்"னு நல்ல பிள்ளை மாதிரி பேரு வச்சிருக்கும். பிளே ஸ்டோர்ல கெட்ட ஆப்ப கண்டுபிடிக்கிற பிளே புரொடெக்ட் ஆஃப் ஆகியிருந்தா அதுவே ஒரு அறிகுறி, தானா யாரும் அத ஆஃப் பண்ண மாட்டாங்க.

சரி, அப்ப மார்க் படிக்கிறாரா இல்லியா? மெசேஜ் உள்ள இருக்குறத படிக்க முடியாது. 2016 ஏப்ரல்ல இருந்து வாட்ஸ்அப்ல எல்லா சேட்டுக்கும் எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் இருக்கு, சிக்னல் ஆப் பண்ணவங்களோட அதே புரோட்டகால்தான், பூட்டுறது உங்க போன்ல, திறக்குறது அவங்க போன்ல, நடுவுல இருக்குற சர்வருக்கு சாவி கிடையாது. அந்த நடுப் பாதை நல்லாதான் இருக்கு. ஓட்டை எல்லாம் ரெண்டு முனைலதான், காசு வேன்ல பூட்டி பத்திரமா வருது, வீட்டு வாசல் கதவு ரெண்டு பக்கமும் திறந்து கிடக்குங்கிற மாதிரி. நான் இத்தன வருஷமா சொல்லிக்கிட்டு இருக்குறது இது ஒண்ணுதான், யாரும் கேக்குறதில்ல, எல்லாருக்கும் பெரிய வில்லன்தான் வேணும்.

பெகாசஸ்ங்கிற உளவு சாப்ட்வேர் பத்தி கேப்பாங்க. அது உண்மைதான், 2019ல என்எஸ்ஓங்கிற இஸ்ரேல் கம்பெனியோட சாமான வாட்ஸ்அப் கால் வழியா சுமார் 1,400 பேரு போன்ல இறக்கினாங்க, கால எடுக்கணும்னு கூட அவசியம் இல்ல. அதுல மாட்டுனது நிருபர், வக்கீல், மனித உரிமைக்காரங்க. நீங்க அந்த மாதிரி வேலை பாக்குறவங்கன்னா போன உடனுக்குடன் அப்டேட் பண்ணுங்க, ஐபோன்னா லாக்டவுன் மோட் போடுங்க. மத்தபடி பாயான் லெப்பாஸ் பேக்டரில ஷிப்ட் பாக்குற நம்ம ஆளுக்காக அவ்ளோ காசு யாரும் செலவு பண்ண மாட்டாங்க, அவரு சூப்பர்வைசருக்கு அவரோட ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு போதும்.

முனைன்னு சொன்னேன்ல, அதுல ஆளுங்க மறந்துபோறது பேக்கப். ஒரு அங்கிள், ரிட்டயர் ஆன கிளார்க், போன் மாத்தி எடுத்துட்டு வந்தாரு, நான் கூகுள் அக்கவுண்ட போட்டு ரீஸ்டோர் பண்ண எல்லா மெசேஜும் வரிசையா வந்து இறங்குச்சு. பாத்துட்டு "பாத்தியாமா, எல்லாம் அவங்க கிட்டத்தான் இருக்கு, என்க்ரிப்ஷனாம் என்க்ரிப்ஷன்!"னாரு. அவரு சொன்னதுல தப்பே இல்ல. அனுப்புற வழிலதான் பூட்டு, கூகுள் டிரைவ்லயோ ஐகிளவுட்லயோ போய் உக்காருற பேக்கப்புக்கு நீங்களா ஆன் பண்ணாத வரைக்கும் அந்தப் பூட்டு கிடையாது. 2021 கடைசில இருந்து பேக்கப்புக்கும் போட்டுக்கலாம், செட்டிங்ஸ், சேட்ஸ், சேட் பேக்கப், அதுல எண்ட் டு எண்ட் என்க்ரிப்டட் பேக்கப், ஒரு பாஸ்வேர்டு இல்லன்னா 64 எழுத்து சாவி.

ஆனா அங்கிளுக்கு நான் அத போட்டு விடல. பாஸ்வேர்டு மறந்தா கம்பெனியாலயும் எடுத்துத் தர முடியாது, அவரு போன்ல இறந்துபோன சம்சாரத்தோட வாய்ஸ் மெசேஜ் இருந்துச்சு. யாரோ எங்கயோ படிக்கலாம்ங்கிற பயத்தவிட அது போயிடும்ங்கிற பயம்தான் அவருக்குப் பெருசு, அது நியாயம்தான். யாருக்கு என்ன ஆபத்துன்னு பாக்காம எல்லாருக்கும் எல்லாத்தையும் ஆன் பண்ணுங்கன்னு சொல்ற வீடியோ எல்லாம் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். நீங்க போட்டாலும் அந்தப் பக்கம் பேசுறவரு போடலன்னா அதே சேட் அவரு பேக்கப்ல திறந்தே கிடக்கும், அதையும் சேத்து யோசிக்கணும்.

பேக்கப்பவிட மோசம் கேலரி. வாட்ஸ்அப்ல வர்ற போட்டோ தானா போன் கேலரில விழும், கூகுள் போட்டோஸ்ல அந்த போல்டரும் சேந்து ஏறுற மாதிரி இருந்தா மேல போகும், வீட்டுல பிள்ளைங்க டேப்ளட்டும் அதே கூகுள் அக்கவுண்ட்ல ஓடும். ஒரு அக்கா ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ட தங்கச்சிக்கு அனுப்பியிருக்காங்க, மகன் டேப்ளட்ல ஹோம்வொர்க் போட்டோ தேடுறப்ப அது வந்து நின்னுச்சு. பிள்ளைக்கு சொல்ற நேரத்த அவங்க தள்ளி வச்சிருந்தாங்க. சேட்ஸ் செட்டிங்ல மீடியா விசிபிலிட்டிய ஆஃப் பண்ணுங்க, ஐபோன்ல சேவ் டு போட்டோஸ், அர நிமிஷ வேலை. வீட்டுல ஆளுக்கு ஒரு கூகுள் அக்கவுண்ட் இருக்கட்டும்.

2021 ஜனவரி ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப் பிரைவசி பாலிசி மாத்துறோம், பிப்ரவரி 8க்குள்ள ஒத்துக்கன்னு நோட்டீஸ் விட்டுச்சு, எலான் மஸ்க் வேற சிக்னல யூஸ் பண்ணுங்கன்னு போட்டுட்டாரு, நம்ம குடும்ப குரூப்பு கோயில் குரூப்பு எல்லாம் ஒரே களேபரம், அப்புறம் கம்பெனியே மே 15க்கு தள்ளிப் போட்டுச்சு. கடைக்கு வந்தவங்கள்ல பாதி பேரு சிக்னல் போட்டாங்க, பாதி பேரு டெலிகிராம். சிக்னல் போட்டவங்க அங்க பேச ஆளு இல்லாம திரும்பி வந்துட்டாங்க, டெலிகிராம் போட்டவங்க திரும்பல, புதுப்படம் அங்கதானே வருது.

அந்த டெலிகிராம் விஷயத்துலதான் பெரிய குழப்பம். பாதுகாப்புக்குன்னு அங்க போனவங்க இருந்ததவிட கம்மியான பூட்டுக்குத்தான் போனாங்க. டெலிகிராம்ல சாதாரண சேட் எண்ட் டு எண்ட் கிடையாது, கம்பெனி சர்வர்ல இருக்கு, சீக்ரெட் சேட்னு தனியா திறந்தாதான் அது உண்டு, அதுவும் ரெண்டு பேருக்குள்ள மட்டும், குரூப்புக்கு கிடையவே கிடையாது. 2024 ஆகஸ்ட்ல டெலிகிராம் ஆரம்பிச்ச பாவெல் துரோவ பிரான்ஸ்ல புடிச்சாங்க, அடுத்த மாசமே சட்டப்படி கேட்டா ஐபி அட்ரசும் (இன்டர்நெட்ல உங்க கனெக்ஷனோட முகவரி) போன் நம்பரும் குடுப்போம்னு டெலிகிராம் பாலிசிய மாத்துச்சு. சிக்னல்காரங்களுக்கு 2016லயே அமெரிக்க கோர்ட்ல இருந்து ஆர்டர் வந்துச்சு, அவங்க எடுத்துக் குடுத்தது அக்கவுண்ட் எப்ப திறந்தது, கடைசியா எப்ப கனெக்ட் ஆனது, இந்த ரெண்டுதான், வேற குடுக்க அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல. ஒரு ஆப்ப நம்பலாமா வேணாமான்னு பாக்க நான் இததான் பாப்பேன், கேட்டா குடுக்க அவங்ககிட்ட என்ன இருக்கு.

சீன முதலாளிகிட்ட வேலை பாக்குறவங்க வீசாட்ங்கிற சீன மெசேஜ் ஆப்ல இருந்தே ஆகணும், அத தவிர்க்க முடியாது. அங்க எண்ட் டு எண்ட் இல்ல, 2020ல கனடாவோட சிட்டிசன் லேப்ங்கிற ஆராய்ச்சிக் குழு சோதிச்சுப் பாத்தப்ப சீனாவுக்கு வெளிய ரிஜிஸ்டர் பண்ண அக்கவுண்ட்ல அனுப்புற பைலயும் படத்தையும் கூட அலசுறாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. சரக்கு வந்துச்சா, லோரி கிளம்பிடுச்சா, அவ்ளோதான் அங்க பேசணும்.

வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் தெரியாது, ஆனா நீங்க யாரோட, எத்தன மணிக்கு, எவ்ளோ தடவ, எந்த குரூப்ல, எந்த ஐபில இருந்துன்னு தெரியும். இதுல என்ன இருக்குன்னு கேப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் மனநல கிளினிக் நம்பருக்கு மெசேஜ் போட்டாருன்னு தெரிஞ்சா உள்ள என்ன எழுதினாருன்னு படிக்கணுமா என்ன. நம்ம மலேசியாலயே 2025 ஜூன்ல, தொலைத்தொடர்ப கவனிக்கிற அரசாங்க ஆணையம் எம்.சி.எம்.சி. டெலிகாம் கம்பெனிங்ககிட்ட அந்த வருஷத்து முதல் மூணு மாசத்து போன் டேட்டாவ கேட்டுச்சுன்னு வெளிய வந்து பெரிய சலசலப்பு. ஆளு அடையாளம் இல்லாத டேட்டா, சுற்றுலா புள்ளிவிவரத்துக்கு, இன்டர்நெட் வசதி கணக்குக்குன்னு விளக்கம் சொன்னாங்க. எந்த விளக்கம் சொன்னாலும் எது கேட்டாங்கன்னு கவனிங்க, யாரு என்ன பேசினான்னு இல்ல, எப்ப எங்க இருந்துன்னுதான்.

சட்டம் பத்தி கடைல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. 80 லட்சம் பேருக்கு மேல இங்க பயனீட்டாளர் இருக்குற சோஷியல் மீடியா, மெசேஜிங் ஆப் எல்லாம் 2025 ஜனவரி 1ல இருந்து லைசென்ஸ் எடுக்கணும்னு வந்தப்ப "இனிமே கவர்ன்மெண்ட் எல்லாத்தையும் படிக்கும்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்துச்சு. லைசென்ஸ் வந்ததால அந்த என்க்ரிப்ஷன் உடைஞ்சு போயிடாது. 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்துல ஒட்டுக் கேக்க 252ஆவது பிரிவு, கம்ப்யூட்டர் டேட்டாவ திறந்து காட்டச் சொல்ல 249ஆவது பிரிவு, இதெல்லாம் முன்னாடியே இருக்கு, 249ல பாஸ்வேர்டும் சேத்திதான். நம்ம டேட்டாவ பாதுகாக்குற பிடிபிஏ சட்டம் இருக்கேன்னா, அது 2010 சட்டம், வியாபாரிங்களுக்குத்தான், மத்திய மாநில அரசாங்கத்துக்கு அது பொருந்தாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு.

நிஜத்துல ஆளுங்க பாலாய்க்கு, அதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, போறது எப்படின்னா, குரூப்ல இருக்குற ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட் போடுறாரு. அவ்ளோதான். அந்த 1998 சட்டத்துல 233ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு முன்னாடி 50,000 வெள்ளியும் (ரிங்கிட்) ஒரு வருஷமும், 2025 பிப்ரவரில இருந்து 5 லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். இனம், மதம், அரச குடும்பம் பத்தி கோவத்துல எழுதுறவங்க "பிரைவேட் குரூப்தானே"ங்கிறாங்க. 200 பேரு இருக்குற கோயில் குரூப் எப்படி பிரைவேட்? பாதி பேரு யாருன்னே தெரியாது, தைப்பூசத்துக்கு அன்னதான டோக்கன் வாங்க லிங்க்ல வந்தவங்க அப்படியே இருக்காங்க. டிலீட் ஃபார் எவ்ரிவன் தட்டினாலும் ஆண்ட்ராய்டுல நோட்டிபிகேஷன் ஹிஸ்டரி ஆன்ல இருந்தா அதுல அது நிக்கலாம், 24 மணி, 7 நாள், 90 நாள்னு மறையுற மெசேஜும் ஸ்கிரீன்ஷாட்ட தடுக்காது.

குரூப்னாலே உங்க நம்பரும் அங்க திறந்து கிடக்கு. தமிழ்ப்பள்ளி பெற்றோர் குரூப்ல மகளோட பேர போட்டு சண்டை போட்ட ஒரு அம்மாவுக்கு அப்புறம் தெரியாத நம்பர்ல இருந்து வந்த மெசேஜ் எல்லாம் காட்டுனாங்க, படிக்க முடியல. பிரைவசில குரூப்ஸ் போய் மை காண்டாக்ட்ஸ்னு மாத்துங்க, அப்பதான் கண்டவங்க உங்கள குரூப்ல இழுத்துப் போட முடியாது. அட்மினா இருக்குறவங்க 2025ல வந்த அட்வான்ஸ்டு சேட் பிரைவசிய ஆன் பண்ணா சேட்ட எக்ஸ்போர்ட் பண்றது நிக்கும், ஸ்கிரீன்ஷாட் நிக்காது. லாஸ்ட் சீன், ஆன்லைன், புரொபைல் போட்டோ மூணையும் காண்டாக்ட்ஸ்னு வச்சாலே தொல்லை பாதி குறையும்.

ஆபீஸ் லேப்டாப்ல வாட்ஸ்அப் வெப் வேணாம். அங்க ஐடி ஆளுக்கு ஸ்கிரீன் பாக்குற சாப்ட்வேர் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம், மெஷின் அவங்களோடது.

ஆறு நம்பர் கோட் கதை, அதான் வாட்ஸ்அப் திறக்க வர்ற கோட ஏமாத்தி வாங்கி அக்கவுண்ட புடிக்கிறது, எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் வாரம் ஒருத்தராவது வர்றாங்க. "அங்கிள், தப்பா உங்க போனுக்கு ஒரு நம்பர் அனுப்பிட்டேன்"னு தெரிஞ்சவங்க அக்கவுண்ட்ல இருந்தே வரும், ஏன்னா அவங்க அக்கவுண்ட் ஏற்கனவே போயிடுச்சு. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்ல ஒரு பின் போட்டு வைங்க, போதும். கல்யாணப் பத்திரிகைன்னு வர்ற ஏபிகே பைல மட்டும் சாகுற வரைக்கும் தொடாதீங்க, எந்த மாப்பிள்ளை வீடும் ஆப்ப இன்ஸ்டால் பண்ணச் சொல்லி கூப்பிடாது. பணம் போயிட்டா உடனே மோசடிப் புகார் நம்பர் 997. உங்க ஐசி (அடையாள அட்டை) நம்பர் ஏமாத்துறவனுக்கு எப்படி தெரியும்னு ஆச்சரியப்பட வேணாம், 2017லயே நாட்டுல 4 கோடியே 62 லட்சம் மொபைல் நம்பரோட விவரம் வெளிய போயிருக்கு, அதுக்கப்புறம் யாரும் ஐசிய மாத்திக்கல.

நம்பர் பத்தி இன்னொண்ணு, தமிழ்நாட்டுல இருந்து வேலைக்கு வந்துட்டு திரும்பிப் போற பசங்களுக்கு. ப்ரீபெய்ட் சிம்முக்கு காசு போடாம விட்டா கொஞ்ச நாள்ல அந்த நம்பர் வேற ஆளுக்குப் போகும். புது ஆளு அந்த நம்பர்ல வாட்ஸ்அப் திறந்தா பழைய சேட் வராது, ஆனா நீங்க இருந்த குரூப்ல உங்க இடத்துல அவரு நிக்கலாம், உங்க அம்மா அனுப்புற வாய்ஸ் மெசேஜ் அவருக்குப் போகும். ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி சேஞ்ச் நம்பர் பண்ணிட்டு, பேங்க்ல மறக்காம நம்பர மாத்திட்டு ஏறுங்க.

கடைசியா எங்கள பத்தி. போன் பாதுகாப்புன்னு இவ்ளோ பேசிட்டு, லாக் நம்பர ஒரு துண்டு பேப்பர்ல எழுதி என்கிட்ட குடுத்துட்டு பசியாறப் போயிட்டு வர்றேன்னு போறவங்க இருக்காங்க. எங்க மாமா யோக்கியன், நானும் பாக்க மாட்டேன், ஆனா அது உங்களுக்கு எப்படி தெரியும்? 2008ல ஹாங்காங்ல ஒரு நடிகரோட படம் எல்லாம் வெளிய வந்து அங்க சினிமா உலகமே ஆடிப்போச்சு, கம்ப்யூட்டர ரிப்பேருக்குக் குடுத்த இடத்துல இருந்துதான் போச்சு. ரிப்பேர் தொழில்ல இருக்குறவங்களுக்கு அந்தக் கதை மறக்காது.

ஸ்கிரீன் மாத்த, பேட்டரி மாத்த, சார்ஜிங் போர்ட் மாத்த எங்களுக்கு உங்க லாக் நம்பர் தேவையே இல்ல. மாத்தினப்புறம் டச் வேலை செய்யுதா, ஸ்பீக்கர் கேக்குதான்னு டெஸ்ட் பண்ணத்தான் கேப்பாங்க, அத நீங்களே முன்னாடி நின்னு திறந்து காட்டலாம். கேமரா லாக் ஸ்கிரீன்லயே திறக்கும். போன ஒரு நாள் விட்டுட்டுப் போற மாதிரி பெரிய வேலைன்னா, சாம்சங்ல பேட்டரி அண்ட் டிவைஸ் கேர் உள்ள மெயின்டெனன்ஸ் மோட்னு இருக்கு, பிக்சல்ல ரிப்பேர் மோட், அத ஆன் பண்ணா காலி போன் மாதிரி திறக்கும், எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணலாம், உங்க போட்டோ மெசேஜ் எதுவும் தெரியாது. பழைய சாம்சங்ல இது வராது. ஐபோன்ல அப்படி தனியா காலியா திறக்குற மோட் இல்ல, அதனால பாஸ்கோட் குடுக்காதீங்க, நின்னு வாங்கிட்டுப் போங்க, ஸ்கிரீன் மாத்த ஒரு தே தாரேக் குடிக்கிற நேரம்தான். சிம்ம கழட்டி பர்ஸ்ல வச்சுக்கங்க, மெமரி கார்டையும்தான், அத எல்லாரும் மறந்துடுறாங்க. திரும்ப வாங்கினதும் கடை வாசல தாண்டுறதுக்கு முன்னாடி லிங்க்டு டிவைசஸ ஒரு தடவ திறந்து பாருங்க.

முன்னாடி நின்னு பாக்கணும்னு கேட்டா முகம் சுளிக்கிற கடைன்னா போன திருப்பி வாங்கிக்கங்க. எங்க மாமாவும் முதல்ல சுளிச்சாரு, "என்னை நம்பலியா"ன்னாரு. இப்ப கவுண்டர்ல ஒரு ஸ்டூல் போட்டிருக்கோம்.